எட்டு என்றால் எத்தனை?



பைத்தான் மொழியில் பெரிய பெரிய கணக்குகள் போட நம்பை என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. விஞ்ஞானிகள்கூட அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எல்லாம் சரி, ஆனா அதில் முழு எண்களுக்கு வைத்திருக்கும் பெயர்கள் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

'இன்ட்8' என்றால் 8 பிட் இடம். -128 முதல் 127 வரைதான் அதில் அடங்கும். அதையே சுருக்கி 'ஐ8' என்று எழுதினால் அதுவும் அதேதானே என்று நினைப்போம். இல்லை! அங்கே 8 என்பது 8 பைட், அதாவது 64 பிட். ஒரே கடையில் படிக்கு ரெண்டு அளவு வெச்சிருந்தா நம்ம ஊர்ல சும்மா விடுவாங்களா?

ஐ8 என்று நினைத்து ஒருவர் இன்ட்8 என்று போட்டுவிட்டால் என்ன ஆகும்? கணக்கு மார்க் ஒரு வரிசை, அறிவியல் மார்க் ஒரு வரிசை. இரண்டையும் கூட்டுகிறோம். 95-ம் 96-ம் சேர்ந்து 191 வரணும். வருவது -65! கம்ப்யூட்டர் ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்காது. நல்லாப் படிச்ச பிள்ளை ஃபெயில்.

'லாங்' என்ற பெயர் இன்னும் மோசம். அது சி மொழியிலிருந்து வந்தது. இன்றைய 64 பிட் கம்ப்யூட்டர்களில், லினக்ஸ் என்றால் லாங் 64 பிட், விண்டோஸ் என்றால் 32 பிட். நாம் அளவு சொல்லாமல் விட்டால், பழைய நம்பை இந்த லாங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். 50,000 இருக்கும் வரிசையை 50,000-ஆல் பெருக்கினால் லினக்ஸில் 250 கோடி வரும். விண்டோஸில் மைனஸ் 179 கோடிச் சொச்சம்! 2024-ல் வந்த 2.0 பதிப்பில்தான் 64 பிட் விண்டோஸுக்கும் 64 பிட் என்று மாற்றினார்கள். முதல் பதிப்பு 2006-ல் வந்தது, கணக்குப் பார்த்துக்கோங்க.

பெயரை மாற்றினால் பழைய புரோகிராம் ஓடாது என்பார்கள். 2022-ல் 'நம்பை இன்ட்' என்ற பெயரையே எடுத்துவிட்டார்களே, அப்போது பல புரோகிராம் நின்றது, திருத்திக்கொண்டார்கள். ஆனால் ஐ8 என்பது சேமித்த கோப்புகளுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை ஒரேயடியாக அழிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். கோப்புக்குள் இருந்துவிட்டுப் போகட்டும். புதிதாக எழுதுகிறவர்களுக்கு ஏன் அதைச் சொல்லித்தர வேண்டும்? இன்ட்64 என்று எழுத மூணு எழுத்து கூடுதலாகும், அவ்வளவுதானே.

நம் கம்ப்யூட்டர் அறையில் சார்ட் எழுதும் அக்காமார்களே, ஐ8, லாங் ரெண்டையும் விட்டுவிட்டு இன்ட்32, இன்ட்64 மட்டும் எழுதுங்கள். பக்கத்திலேயே எதுவரை அடங்கும் என்றும் எழுதிவிடுங்கள்.

– மாணவி, 9-ஆம் வகுப்பு