விரல்ரேகை மட்டும் காப்பாற்றாது

“ரேகை பதிஞ்சாச்சு, இனி லாக் நம்பர் எதுவா இருந்தா என்ன?” சுங்கை பாக்காப்பில் புதுக் கைப்பேசி வாங்குகிறவர்கள் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கைக்கு அவர்கள் காட்டும் காரணங்களில் ஒன்றுகூட நிற்காது.

“ரேகை இருந்தால் எண் தேவையில்லை.” ஐபோனை அணைத்துப் போட்டாலும், 48 மணி நேரம் திறக்காமல் வைத்தாலும், விரல் ஐந்து முறை பொருந்தாமல் போனாலும் அது எண்ணைத்தான் கேட்கும். அணைத்துப் போட்டால் ஆண்ட்ராய்டும் அப்படியே. திருடன் ரேகையோடு மல்லுக்கட்ட மாட்டான். 123456 போட்டுப் பார்ப்பான். முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுப் பின்வாசலைத் தாழிடாமல் விடலாமா?

“ரேகையைப் போலியாக்க முடியாது.” 2013 செப்டம்பரில் ஐபோன் 5எஸ் வந்த சில நாளிலேயே, ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்துப் போலி விரல் செய்து திறந்து காட்டியது. 2019இல் சாம்சுங் கேலக்சி எஸ்10 கைப்பேசியில் சிலவகை சிலிகான் உறை போட்டிருந்தால் பதிவு செய்யாத விரலுக்கும் திறந்தது. நிறுவனம் மென்பொருளைத் திருத்த வேண்டியதாயிற்று.

“உடம்போடு இருப்பதை யார் திருடுவது?” 2005இல் சுபாங் ஜெயாவில், ரேகையால் இயங்கும் மெர்சிடிஸ் காரைப் பறித்தவர்கள், உரிமையாளரின் விரல் நுனியையே வெட்டிக்கொண்டு போனார்கள். எண் வெளியானால் அன்றே மாற்றலாம். 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 இலட்சம் பேரின் ரேகைகள் களவுபோயின. அவர்கள் எதை மாற்றுவது?

“ரேகை எல்லாருக்கும் ஒத்துவரும்.” தோட்டத்திலும் கட்டுமானத்திலும் உழைத்துத் தேய்ந்த விரல்களை உணரி பலமுறை ஏற்பதில்லை. அப்படி உழைப்பவர்களுக்கு எண்தான் துணை.

ரேகையே வேண்டாம் என்பதல்ல என் வாதம். பொது இடத்தில், நாம் எண் அழுத்துவதைப் பக்கத்தில் நிற்பவன் பார்த்துவிடாமல் அது காக்கிறது. ஆனால் அதன் பின்னால் உறுதியான எண் இருக்க வேண்டும். நான்கு இலக்கத்தில் 10,000 எண்களே உண்டு. ஆறு இலக்கத்தில் 10 இலட்சம்.

இன்றே ஆறு இலக்கத்துக்கு மாறுங்கள். பிறந்த தேதி, கார் எண், மைகாட் எண் எதுவும் வேண்டாம். கைப்பேசி திருடுபோய்க் கணக்கிலிருந்து பணம் மோசடியாகப் போனால், தாமதிக்காமல் வங்கியையோ மோசடிப் புகாருக்கான 997 எண்ணையோ அழையுங்கள்.