ஈரமானி வாங்குமுன் பாட்டரியைக் கேளுங்கள்

மண்ணின் ஈரத்தை அளந்து கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவிகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. விலையையும் உத்தரவாதத்தையும் விசாரிக்கும் உழவர்கள், அதனுள் இருக்கும் பாட்டரியைப் பற்றிப் பெரும்பாலும் கேட்பதில்லை. கருவி எத்தனை நாள் உழைக்கும் என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது.

சிறு கருவிகளில் சாதாரணமாகக் காணப்படும் லித்தியம் பட்டன் செல் 20 மி.மீ. அகலமும் 3.2 மி.மீ. கனமும் உடையது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர்-மணி. மணிக்கு மணி 1 மில்லி ஆம்பியர் வீதம் இழுத்தால் 9 நாளில் தீர்ந்துவிடும். ஆகவே கருவியைப் பெரும்பகுதி நேரம் உறங்க வைக்கிறார்கள். உறக்கத்தில் 5 மைக்ரோ ஆம்பியர், அதாவது 1 மில்லி ஆம்பியரில் 200-இல் ஒரு பங்கு, போதும். செய்தி அனுப்பும்போதுதான் செலவு.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒவ்வொரு செய்திக்கும் 2 விநாடி நேரம் 10 மில்லி ஆம்பியர் செலவாவதாகக் கொள்வோம். 10 நிமிடத்திற்கு ஒரு முறை அனுப்பினால் செல் 8 மாதத்தில் தீரும். 3 மணி நேரத்திற்கு ஒரு முறை அனுப்பினால் அதே செல் மூன்றரை ஆண்டு வரும். வெயிலில் பெட்டி சூடேறினால் இதிலும் சற்றுக் குறையும். வாழைத் தோட்டத்து ஈரம் 10 நிமிடத்தில் என்ன மாறிவிடப் போகிறது? கைப்பேசியில் கோடு அழகாக ஓடும், அவ்வளவுதான். இடைவெளியை நாமே மாற்ற வழியுண்டா என்று கேளுங்கள். வெகுதூரம் செய்தி அனுப்பும் கருவிக்குப் பட்டன் செல் போதாது; சுவர்க் கடிகாரத்தில் போடும் செல்லாவது வேண்டும்.

செல்லை அரக்கிட்டு மூடிவிட்ட கருவியை வாங்கவே வேண்டாம் என்பேன். அதற்கு மானியம் தருவதும் தவறு. செல் தீர்ந்ததும் கருவியே குப்பைதான். இரண்டு ஏக்கர் உழவருக்கு, கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் உருவாக்கிய ஈரங்காட்டியே போதும். மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்குகளால் ஈரத்தின் நிலையைச் சொல்லும். பார்க்கும் நேரத்துக்கு மட்டுமே மின்சாரம் செலவாகும்.

மண்ணே மின்சாரம் தரும் வழியும் உண்டு. நுண்ணுயிர்களிடமிருந்து மின்சாரம் பெறலாம் என்று இங்கிலாந்தின் பாட்டர் 1911-லேயே காட்டினார். 2024-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார், மண்ணில் புதைத்த புத்தக அளவுக் கலத்தைக் கொண்டு ஈரமானியை இயக்கிக் காட்டினர். கிடைப்பது மிகச் சொற்ப மின்சாரமே. மண் ஈரமாக இருக்க வேண்டும் என்பதால் தண்ணீர் நிற்கும் நெல் வயலுக்கு இது பொருந்தும். நம் பல்கலைக்கழகங்கள் டெல்டா வயல்களில் இதைச் சோதிக்க வேண்டும்.

பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும். தீர்ந்த செல்லிலும் இந்த ஆபத்து உண்டு. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பழைய செல்லை வரப்பில் எறியாமல் மூடியிட்ட டப்பாவில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, கழிந்த பாட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. எங்கே கொடுப்பது என்று வாங்கும்போதே விற்பவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.