நம் குரல் நம் காதில் விழ வேண்டாமா?

விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பார்க்கும் எவருக்கும் ஒரு மாறுதல் கண்ணில் படும். தலையில் விளக்கு, கையில் வாளி, இடுப்பில் உளி. இவை நம் தாத்தா காலத்திலிருந்து வருபவை. சட்டைப் பையில் கைத்தொலைபேசியும், அதிலிருந்து காதுக்கு ஏறும் மெல்லிய கம்பியும் இந்தத் தலைமுறையின் சேர்க்கை. நிரையில் முதல் மரத்தை வெட்டுமுன் அதைத் தட்டிவிட்டால் கடைசி மரம் வரை ஏதோ ஒரு குரல் கூடவே வருகிறது.

அந்தக் குரல் யாருடையது என்று விசாரித்தோம். பலருக்குச் சினிமாப் பாட்டு. வாலிபர்கள் சிலருக்கு இங்கிலாந்துப் பந்தாட்டக் குழுக்களைப் பற்றிய பேச்சு. ஆபீஸ் கிராணி ஒருவர், சென்னையில் யாரோ வாசிக்கும் சரித்திர நாவலை அத்தியாயம் அத்தியாயமாகக் கேட்கிறாராம். நல்லதுதான். ஆனால் தோட்டத்தில் பிறந்த ஒருவர் தோட்டத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்கிறேன் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. இந்தக் குறையைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

பாட்காஸ்ட் என்று உலகம் சொல்கிறது. வலையொலி என்று தமிழில் எழுதுகிறார்கள். அந்த ஆங்கிலப் பெயர் 2004-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் பிறந்தது. விஷயம் மிகச் சாதாரணமானது. ஒருவர் பேசிப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றி வைக்கிறார். வேண்டியவர் தமக்குத் தோதான வேளையில் தம் தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு கேட்கிறார். ஒரு மணி நேரப் பேச்சு சுமார் 30 மெகாபைட்தான். ராத்திரி பட்டணத்திலோ வீட்டிலோ இறக்கிக்கொண்டால், அலை கிடைக்காத உள்காட்டிலும் காலையில் கேட்கலாம். ஒரு காதை மட்டும் மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைக்கிறோம். மற்றக் காது பாம்புக்கும் பன்றிக்கும் தேவைப்படும்.

வானொலி நமக்குப் புதிதல்ல. 1946-ல் மலாயா வானொலி தொடங்கிய நாளிலிருந்து தமிழ் ஒலிபரப்பு நம் லயங்களில் குடும்பத்தில் ஒருவர்போல் இருந்து வந்திருக்கிறது. ஆனால் வானொலி நாடு முழுவதற்கும் பேச வேண்டும். பினாங்கு வியாபாரிக்கும் ஜொகூர் ஆசிரியருக்கும் பிடித்ததையே அது தர முடியும். ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் உள்ள சில நூறு பேருக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கு என்று கேட்டால் அது நடக்குமா? வலையொலியில் அது நடக்கும். கேட்பவர் நூறு பேரானாலும் செலவு கூடுவதுமில்லை, வெட்கமுமில்லை.

சிறு கூட்டத்திற்காகப் பேசுவது வீண் என்று நினைப்பவர்கள் லிவர்பூல் ரசிகர்களைப் பார்க்கட்டும். 2011-ல் அந்த ஊர் ரசிகர்கள் சிலர் கூடித் தங்கள் குழுவைப் பற்றி மட்டும் பேச ‘அன்ஃபீல்ட் ராப்’ என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். பெரிய பத்திரிகைகள் எழுதாததை, மைதானத்தின் மேடையில் நிற்பவன் பேசும் பேச்சிலேயே பேசினார்கள். அது இன்று பலர் ஊதியம் பெறும் ஒரு ஸ்தாபனம். நம் வாலிபர் காதில் ஒலிப்பதும் இப்படி ரசிகர்களே நடத்தும் பேச்சுகள்தாம்.

ஆப்பிரிக்கர் கதை இன்னும் ஆழமானது. 1963-ல் ஆக்ஸ்ஃபர்ட் பேராசிரியர் டிரெவர்-ரோப்பர் தம் விரிவுரை ஒன்றில், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியரின் சரித்திரம்தான் உண்டு, மற்றதெல்லாம் இருட்டு என்ற கருத்தைச் சொன்னார். பிரிட்டிஷ் ஒலிபரப்பு அதைப் பரப்பவும் செய்தது. மறு ஆண்டே யுனெஸ்கோ ஆப்பிரிக்காவின் பொது வரலாற்றை எழுதும் வேலையைத் தொடங்கியது. எட்டுப் பெரும் தொகுதிகள் வந்தன. அவற்றைப் படித்தவர் எத்தனை பேர்? இன்று இங்கிலாந்தில் சின்னி உகாட்டா, ஆஸ்ட்ரிட் மடிம்பா என்ற இரண்டு ஆப்பிரிக்க வம்சப் பெண்கள், ‘இட்ஸ் எ கான்டினென்ட்’ என்ற வலையொலியில் ஒவ்வொரு ஆப்பிரிக்க நாட்டின் கதையையும் சிநேகிதிகள் பேசுவதுபோல் பேசுகிறார்கள். 2022-ல் அது புத்தகமாகவும் வந்தது. தொகுதிகள் எட்டாத காதுகளுக்கு அந்தப் பேச்சு எட்டுகிறது.

தோட்டத்துக்கு என்னப்பா சரித்திரம் என்று கேட்பவர் நம்மிடையே இன்றும் உண்டு. அந்தப் பேராசிரியர் ஆக்ஸ்ஃபர்டில் மட்டும் இல்லை.

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். அன்று பத்தாங் பெர்ஜுந்தை என்றும் இன்று பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் ஊருக்கு அருகே தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917-ல் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் அங்கேதான் போடப்பட்டது. போட்டவர் ஹென்ரி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை. அவர் பின்னால் மலாயா வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதி, 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார். அதில் நம் ஆட்களும் வருகிறார்கள், துரையின் கண்ணுக்குத் தெரிந்த அளவில். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழிகளைத் தோண்டியவன் ராத்திரி லயத்தில் படுத்துக்கொண்டு துரையைப் பற்றி என்ன நினைத்தான்? அந்தப் புத்தகம் மட்டும் எழுதப்படவேயில்லை.

1941-ஐப் பாருங்கள். கிள்ளானில் தொடங்கிச் சிலாங்கூர் தோட்டங்களில் பரவிய அந்த வேலைநிறுத்தத்தில் நம்மவர் கேட்டது கூலி மட்டுமல்ல. பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண் தொழிலாளர்மீது கை வைப்பதை நிறுத்துதல், துரை எதிரில் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற அவமானத்திற்கு முடிவு. தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். இவ்வளவும் நமக்குத் தெரிவது பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளின் காகிதங்களிலிருந்துதான். அன்று சைக்கிளைவிட்டு இறங்க மறுத்தவனின் வாயிலிருந்து நாம் என்ன வைத்திருக்கிறோம்? அன்று பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

(சைக்கிள் விஷயத்தில் துரைக்கு மட்டுமல்ல, ஆசிய உத்தியோகஸ்தர்களுக்கும் இறங்க வேண்டியிருந்தது. கிராணிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் பக்கத்துக் கதையும் வேண்டும் என்றுதான் கேட்கிறோம். துரைக்கும் கங்காணிக்கும் நடுவில் உட்கார்ந்து செக்ரோல் எழுதியவர் பட்ட பாடு தனிக் கதை.)

சயாம் ரயில்பாதையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 1942, 43-ல் 415 கிலோமீட்டர் பாதை போட ஜப்பானியர் மலாயாவிலிருந்து கொண்டுபோன தொழிலாளர் 70,000-க்கும் மேல் என்பது போருக்குப் பிந்திய பிரிட்டிஷ் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத் தமிழர். அங்கே மாண்ட வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல் இருக்கிறது. திரும்பியவர்கள் புத்தகம் எழுதினார்கள். 1957-ல் படமே வந்தது. நம்மவருக்கு ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலை எழுதி வைத்தார், அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் திரும்பி வந்த ஆயிரமாயிரம் பேர் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. சிங்கப்பூர் 1979-லேயே வாய்மொழி வரலாற்றுக்கென்று ஒரு பிரிவை அமைத்து, ஜப்பான்காரன் காலத்து அனுபவங்களைத் தமிழிலும் பதிவு செய்து வைத்தது. அரசாங்கம் செய்தால் அது நடக்கும் என்று நாம் காத்திருந்தோம். காத்திருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

காலம் தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வட சிலாங்கூரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1948 டிசம்பர் 12-ல் பத்தாங்காலியில் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஆயுதமில்லாத சீனத் தொழிலாளர் 24 பேரை பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். 1970-ல் சிப்பாய்களில் சிலரே ஆங்கிலப் பத்திரிகையில் உண்மையைச் சொன்னார்கள். மாண்டவரின் மனைவி மக்கள் விடாமல் சாட்சி சொல்லி, லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015-ல் தீர்ப்பு வந்தது. விசாரணை நடத்தும்படி அரசாங்கத்தைக் கட்டாயப்படுத்த முடியாது, சம்பவம் நடந்து காலம் மிகக் கடந்துவிட்டது என்பது சாரம். வழக்கில் தோற்றார்கள், ஆனால் அந்தக் கிழவிகளின் வாய்மொழி பதிவாகிவிட்டது, இனி எவராலும் இல்லை என்று சொல்ல முடியாது. நம்மவர் விஷயத்தில் அந்த அளவுகூட நடக்கவில்லையே!

துக்கக் கதை மட்டும்தான் வேண்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத் திடலில் பந்தாட்டம் பார்த்தவர்கள் நாம். 1980 ஏப்ரல் 6-ல் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா தென் கொரியாவை 2-1 என்று வென்று ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றபோது கோல்காவல் நின்றவர் நம் ஆர். ஆறுமுகம். கை நீளத்தால் ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே அழைத்தது. மாஸ்கோ புறக்கணிப்பால் குழு போகாமலே நின்றது. 1988-ல் அவரும் விபத்தில் போய்விட்டார். 2016-ல் ‘ஓலா போலா’ படம் வந்து, அந்தக் கதையின் சாயலை இளையவர்களுக்குக் காட்டியது. ஆனால் அந்த ஆட்டத்தை லாரி பிடித்துப் போய்ப் பார்த்தவர்கள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். யார் அடித்த பந்தை யார் தடுத்தார் என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையை அப்படியே பதிவு செய்தால் லிவர்பூல்காரன் பேச்சைவிட நன்றாயிருக்கும் என்பது எமது தாழ்மையான அபிப்பிராயம்.

கருவி என்ன வேண்டும்? கையிலுள்ள தொலைபேசி போதும். பேசுபவரின் வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். தகரக் கூரையின் கீழ் மழை நேரத்தில் பதிவு செய்தால் மழைதான் பேசும். மெத்தையும் துணியும் உள்ள அறை எதிரொலியைக் குடித்துவிடும். சேவல் கூவினால் கூவட்டும், அது தோட்டம் என்பதற்குச் சாட்சி. அடுத்ததாக, பட்டியல் வேண்டும்: யார் பேசினார், எந்த டிவிஷன், எந்த ஆண்டைப் பற்றி, பதிவு செய்த தேதி. இந்த வேலைக்குக் கிராணிமாரைவிடத் தகுந்தவர் கிடையாது. வெட்டுக்காரர் பேச, கிராணி எழுதி வைக்க வேண்டும். எழுபது வருஷம் செக்ரோலில் எழுதியது துரைக்கு. இதை நமக்காக எழுதட்டும்.

பெண்களின் பேச்சைப் பதிவு செய்யப் பெண்களே போக வேண்டும். சங்கக் கூட்டத்தில் பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்காரும் அக்காமார் ஆயாக் கொட்டகையில் பேசும் பேச்சைக் கேட்டவர்களுக்கு இதன் காரணம் புரியும். மருந்து தெளித்த காலத்தில் உடம்பு பட்ட பாட்டை ஆண்பிள்ளையிடம் எந்தத் தாய் சொல்வாள்?

பயம் இருப்பதும் எமக்குத் தெரியும். பேசினால் நிர்வாகத்திற்குத் தெரிந்துவிடுமோ, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஏற்றிய பதிவைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம். ஆகவே, இன்று வேலையிலிருப்பவர் கூலித் தகராறைப் பற்றிப் பேசினால் பெயரும் தோட்டமும் வேண்டாம். அது சங்க ஆபீசில் பேச வேண்டிய விஷயம். முதியவர் பேசினால் முதலில் சம்மதம், பதிவானதை அவருக்கே போட்டுக் காட்டுதல், வேண்டாம் என்றதை அழித்தல். பேரன் தொலைபேசியை ஒளித்து வைத்துப் பாட்டியின் பேச்சைப் பிடிப்பது திருட்டு.

இன்னொன்று. நம் நிரைகளில் இன்று வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளிகளும் நிற்கிறார்கள். நம் பாட்டனார் கப்பலில் வந்து இறங்கியபோது இருந்த நிலையில்தான் இவர்கள் இருக்கிறார்கள். இவர்களும் அவரவர் பாஷையில் பேசிப் பதிவு செய்ய நாம் இடம் தர வேண்டும் என்றே நினைக்கிறோம். இதை ஒப்பாதவர்கள் எமக்கு எழுதலாம், பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

யாரிடம் தொடங்குவது என்ற கேள்விக்கு எம்மிடம் பதில் இருக்கிறது. நம் வட்டாரத்தில் தொண்ணூற்றி நான்கு வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். சயாமுக்குப் போன தகப்பனார் திரும்பி வந்த இரவு அவருக்கு நினைவிருக்கிறது. வலது காது கேட்காது, இடப் பக்கம் உட்கார வேண்டும். மத்தியானம் தூங்கிவிடுவார், காலை பத்து மணிக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு போகலாம்.