நான்-ரீஃபண்டபிள் என்னும் பூச்சாண்டி

வெளிநாட்டுப் பயணத்தில் விமானம் ரத்தானால் ஆளாளுக்கு ஒரே பல்லவிதான்: “மலிவு டிக்கெட்தானே, நான்-ரீஃபண்டபிள். காசு போனது போனதுதான்.” கவுண்டரில் இருப்பவர் சொல்கிறார், கூட வந்த மச்சானும் தலையாட்டுகிறார். பயணி நம்பிவிடுகிறார்.

அந்த நிபந்தனை பயணி தானாகப் பயணத்தைக் கைவிடும்போதுதான் செல்லும். நிறுவனமே விமானத்தை ரத்து செய்தால் அதற்கு வேலையில்லை. கொரோனா காலத்தில் அமெரிக்கத் தடங்களில் ரத்தான பயணங்களுக்குப் பணம் திருப்பித் தராமல் ஏர் இந்தியா இழுத்தடித்தது. புகார்களில் பாதிக்கு மேல் தீர நூறு நாளுக்கு மேலானது. 2022 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் உத்தரவால், பயணிகளுக்கு 12.15 கோடி டாலர் திருப்பிக் கொடுத்ததோடு 14 லட்சம் டாலர் அபராதமும் கட்ட நேர்ந்தது. திருப்பிக் கொடுத்தது அத்தனையும் பயணிகளின் சொந்தப் பணம்.

“எரிமலைக்கும் புயலுக்கும் நிறுவனம் என்ன செய்யும்?” என்பது அடுத்த வாதம். பாதி சரி; அத்தகைய நேரத்தில் இழப்பீடு கிடையாது. ஆனால் ஐரோப்பிய விதிப்படி சோறும் தங்குமிடமும் தந்தாக வேண்டும். 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வழி மூடப்பட, போர்ச்சுகலின் ஃபாரோவில் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட பயணி ஒருவர் ரையன்ஏர் மீது வழக்குப் போட்டார். எத்தனை நாள் ஆனாலும் அந்தக் கவனிப்பு நிறுவனத்தின் கடமையே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. அதனால் ஹோட்டல் பில்லைக் கசக்கி எறிந்துவிடக் கூடாது.

“அதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கான சட்டம்” என்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, விமானம் எங்கே கிளம்பியது என்று பார்க்கிறது. பாரிஸிலிருந்து வளைகுடா வழியாகக் கொழும்புக்கோ சென்னைக்கோ ஒரே முன்பதிவில் போகிறவருக்கு, வளைகுடா நிறுவனத்தில் பறந்தாலும், அது பொருந்தும். நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், இவ்வளவு நீண்ட தூரத்துக்கு 600 யூரோ வரை கேட்கலாம். நடுவழியில்தான் சிக்கல் என்றாலும் உரிமை போகாது. பெர்லினிலிருந்து காசாபிளாங்கா வழியாக அகாதிர் போனவரை இரண்டாவது விமானத்தில் ஏற்றவில்லை. நான்கு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். மொத்தமும் ஒரே பயணம்தான் என்று 2018இல் தீர்ப்பு வந்தது. அவர் பறந்த ராயல் ஏர் மரோக் மொராக்கோ நிறுவனம் என்பது தடையாகவில்லை.

திரும்பும் திசையில் கதை வேறு. சென்னையிலிருந்து அதே வளைகுடா நிறுவனத்தில் பாரிஸுக்குப் போகிறவருக்கு இந்த விதி கிடையாது. ஐரோப்பிய நிறுவனமான லுஃப்தான்சாவில் பிராங்க்பர்ட் போகிறவருக்கு உண்டு. நியாயமா என்று கேட்டால் பதில் இல்லை.

“வவுச்சராவது வாங்கிக்கொள்ளுங்கள்” என்பதும் பொறிதான். அந்த விதிப்படி, பயணி கையெழுத்திட்டுச் சம்மதித்தால்தான் பணத்துக்குப் பதில் வவுச்சர் தரலாம்.

பூச்சாண்டி நிஜமாகும் இடங்களும் உண்டு. மலிவாக இருக்கிறதென்று இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கி இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவருக்கு யாரும் பொறுப்பில்லை. முதல் விமானத்தில் ஏறாமல் விட்டால் பெரும்பாலும் மிச்சப் பயணமும் ரத்தாகிவிடும்.

“நாள் கடந்துவிட்டதே” என்பது கடைசிச் சாக்கு. 261 விதியின்படி இழப்பீடு கேட்க ஜெர்மனியில் மூன்று ஆண்டும் பிரான்ஸில் ஐந்து ஆண்டும் அவகாசம் இருக்கிறது.