பதில் வரும் கருவி

ஆழ்கடலுக்குப் போகும் அப்பாவுக்கு எந்தச் சேட்டிலைட் கருவி வாங்கிக் கொடுக்கலாம் என்று வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். இமயமலைப் பக்கம் மலையேறக் கிளம்பும் இளைஞர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள். விலை எவ்வளவு, எடை எவ்வளவு, பேட்டரி எத்தனை நாள் நிற்கும் என்றுதான் பேச்சு தொடங்கும். அதெல்லாம் பிறகு. அபாயப் பொத்தானை அழுத்தியவனுக்கு, ‘உன் செய்தி கிடைத்தது, ஆள் வருகிறது’ என்ற பதில் அந்தக் கருவியிலேயே வந்து சேருமா? வராது என்றால், அந்த ஒன்றை மட்டும் நம்பி யாரும் கடலுக்கோ காட்டுக்கோ போகக் கூடாது.

ஒக்கிப் புயலைப் பார்த்த குமரி மாவட்டக் கரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் உருவாகும் முன்பே, தூத்தூர் வட்டாரத்தில் நீரோடி முதல் இரையுமன்துறை வரையுள்ள ஊர்களின் படகுகள் பல கரையை விட்டுப் போயிருந்தன. இவர்கள் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் அல்ல. சுறாவும் சூரையும் தேடி லட்சத்தீவையும் தாண்டுவார்கள். ஒரு தங்கலுக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதத்துக்கு மேலும் கடலிலேயே கிடப்பார்கள். படகில் இருந்த வி.எச்.எப். வயர்லெஸ் 20, 30 கடல்மைலுக்கு அப்பால் எட்டாது. பூமியின் வளைவு அந்த அலையை மறைத்துவிடும். கரையில் சொன்ன எச்சரிக்கை படகுக்குப் படகு கைமாறிப் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், காணாமல் போனார்கள். அந்த டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த குடும்பங்கள், எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்றுதான் கேட்டன. எங்கே தேடுவது என்று சொல்ல எத்தனையோ படகுகளிடமிருந்து ஒரு வரிகூட வந்திருக்கவில்லை.

கருவியே அப்போது நாட்டில் இல்லாமல் இல்லை. இஸ்ரோ உருவாக்கிய டாட் என்ற அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் படகின் அடையாளமும் இருக்கும் இடமும் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்கும், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கும் போகும். ஆனால் அது ஒருவழிப் பாதை. அழுத்தியவனுக்குத் தன் குரல் எட்டியதா என்று தெரியாது. அது சின்னக் குறை அல்ல. உதவி வருகிறது என்று தெரிந்தால் படகை விடாமல் பிடித்துக்கொண்டு கிடக்கலாம், இருக்கும் தண்ணீரைப் பங்கிட்டுக் குடிக்கலாம். தெரியாதபோது எடுக்கும் முடிவுகள் வேறு மாதிரி ஆகிவிடும். 2024 ஜனவரியில் வந்த டாட்டின் இரண்டாம் தலைமுறைதான், செய்தி கிடைத்துவிட்டது என்று படகுக்குத் திருப்பிச் சொல்கிறது. கரையிலிருந்து வானிலை எச்சரிக்கையையும் வாங்கிக்கொள்கிறது. இவ்வளவு காலம் இதற்காகக் காத்திருக்க வேண்டியிருந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

இருவழிச் செய்தி என்ன செய்யும் என்பதற்கு நான் எப்போதும் சொல்வது அபிலாஷ் டோமியின் கதை. அப்போது நம் கடற்படை அதிகாரியாக இருந்த அவர், 2018இல் கோல்டன் குளோப் போட்டியில் தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றப் போனார். செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து ஏறத்தாழ 1,900 கடல்மைல் தொலைவில், புயலில் படகு புரண்டது. பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். சேட்டிலைட் போன் பழுதாகிவிட்டது. மிஞ்சியது இரிடியம் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு சிறிய கருவி. முதுகில் கடும் அடி, நடக்க முடியாது, ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்று அதில்தான் எழுதினார். இருக்கும் இடத்தைச் சொல்ல அவசர ஒலிபரப்பி போதும். உடம்பின் நிலையைச் சொல்ல அதனால் ஆகாது. செப்டம்பர் 24 அன்று ஒசிரிஸ் என்ற பிரெஞ்சு ரோந்துக் கப்பல் அவரை மீட்டபோது, வந்தவர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். அதே மனிதர் அடுத்த போட்டியில் கலந்துகொண்டு 2023இல் இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

இனி வலையமைப்பு. கடைக்காரர்கள் கருவியின் பெயரைச் சொல்வார்கள். நீங்கள் அது எந்தச் செயற்கைக்கோளோடு பேசுகிறது என்று கேளுங்கள். இரிடியத்துக்கு 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக்கோள்கள். ஒன்று இன்னொன்றுக்குச் செய்தியைக் கைமாற்றும். அதனால் துருவம் முதல் நடுக்கடல் வரை எங்கும் எடுக்கும். கார்மின் இன்ரீச், ஜோலியோ கருவிகள் இதில் ஓடுகின்றன. ஸ்பாட் கருவிகளும் ஐபோனின் அவசர வசதியும் நம்பியிருக்கும் குளோபல்ஸ்டார் அப்படி அல்ல. உங்கள் செய்தியை வாங்கும் செயற்கைக்கோளுக்கு அதே நேரத்தில் கரையில் உள்ள ஒரு தரை நிலையமும் தெரிய வேண்டும். அமெரிக்க மலைகளில் அது போதும். நிலமே இல்லாத பெருங்கடலின் நடுவில் போதாது. இன்மார்சாட் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டரில் ஒரே இடத்தில் நிற்பது. திறந்த கடலில் நன்றாக எடுக்கும். ஆழமான பள்ளத்தாக்கில் மலை அதை மறைத்துவிடும். எந்தக் கருவியானாலும் வானத்தைப் பார்க்க வேண்டும். பைக்குள் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டுச் செய்தி போகவில்லை என்று சொல்லிப் பயனில்லை.

சந்தா கட்டாமல் இயங்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பியை நான் குறைத்துச் சொல்லவில்லை. காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு ஏற்பாடு 1982 முதல் அவசரச் சமிக்ஞைகளைக் கேட்டு உயிர்களைக் காப்பாற்றிவருகிறது. அதன் ஒலிபரப்புச் சக்தி கைச் செய்திக் கருவிகளைவிட அதிகம். ஒருமுறை முடுக்கினால் ஆள் சுமக்கும் வகை 24 மணி நேரமும் படகு வகை 48 மணி நேரமும் விடாமல் கூப்பிடும். கையில் காசு இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால், பேசவும் கேட்கவும் முடிகிற கருவி.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தியாவில் அனுமதியில்லாமல் சேட்டிலைட் போன் வைத்திருப்பது குற்றம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு துரையா, இரிடியம் ஆகிய சேட்டிலைட் வலையமைப்புகளின் கருவிகள் மேல் கெடுபிடி மிக அதிகம். அபிலாஷுக்கு உதவிய அதே வலையமைப்பின் கருவியோடு நம் விமான நிலையங்களுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். வளைகுடாவில் துரையா கடையிலேயே கிடைக்கும். அப்பா மேல் உள்ள பாசத்தில் அதை வாங்கிப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள், மாட்டிக்கொள்வது அப்பாதான். கனடாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ விடுமுறைக்கு வருகிறவர்களும் இன்ரீச்சை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இங்கே சட்டப்படி வாங்க வேண்டுமானால் பி.எஸ்.என்.எல். வழியாக இன்மார்சாட் போன் உண்டு. மீன்பிடிப் படகுக்கு அதைவிட எளிய வழி, 2024 ஆகஸ்டில் அரசு தொடங்கிய திட்டம். 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளுக்கு இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் இலவசம். கடலிலிருந்து செய்தி அனுப்பலாம், பதில் வாங்கலாம். புயலையும் நாட்டு எல்லையையும் முன்கூட்டியே அது சொல்லும். உளவு பார்க்கும் பெட்டி என்று சிலர் அதைப் பொருத்தத் தயங்குகிறார்கள். நம் படகு எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்ற எண்ணம் தொழிலில் இயல்புதான், எனக்கும் புரிகிறது. ஆனாலும் ஒக்கிக்குப் பிறகு நான் அந்தத் தயக்கத்தின் பக்கம் நிற்க மாட்டேன்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த டிரான்ஸ்பாண்டரின் செய்திகள் தமிழில் வர வேண்டும். அவற்றைப் பார்க்கும் திரை ஒன்று ஒவ்வொரு கடற்கரை ஊரிலும், பெண்கள் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். கடலில் இருப்பவன் நலமா என்று கேட்க வீட்டாருக்கும் உரிமை உண்டு.

கருவி ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் இந்த வாரமே அதை எடுத்துப் பாருங்கள். பேட்டரியின் காலாவதித் தேதி தாண்டியிருந்தால் மாற்றுங்கள். சந்தாக் கருவியானால் சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அது நின்றுபோனால் அபாயப் பொத்தானும் வேலை செய்யாது. பதிவில் கொடுத்திருக்கும் வீட்டு எண் பழைய எண்ணாக இருந்தால் உடனே திருத்துங்கள், மீட்பு மையம் முதலில் கூப்பிடுவது அந்த எண்ணைத்தான். எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்தி வரும், வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுத்து யாரிடம் சொல்வது என்று கிளம்பும் முன்பே வீட்டாரோடு பேசி வையுங்கள். கடலோரக் காவல்படையின் இலவச அவசர எண் 1554.