ராஜி யாருக்காக?

வரப்புத் தகராறில் கைகலந்த இரு வீட்டார் ராஜியாவதை மனமார வரவேற்கிறேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு அதற்கு வழிவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 359ஆம் பிரிவு. சிறு காயம், அத்துமீறி நுழைதல் போன்றவற்றுக்குப் பாதிக்கப்பட்டவர் இசைந்தாலே போதும். ஏமாற்றிச் சொத்தைப் பறித்திருந்தால் நீதிமன்ற அனுமதியும் வேண்டும்.

பாலியல் வன்கொடுமை அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. அப்படியிருந்தும் 2015இல் சென்னை உயர் நீதிமன்றம், அக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச ஜாமீன் தந்தது. அந்தப் பெண் கேட்காத சமரசம் அது! விரைவிலேயே வேறொரு வழக்கில், இத்தகைய குற்றத்தில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொன்ன பிறகு உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

என் கவலை சிறிய வழக்குகளிலும் இதுதான். நிலமும் பணமும் ஊர்ச் செல்வாக்கும் எதிராளியிடம் இருக்கும்போது, கூலித் தொழிலாளி போடும் கையெழுத்தை மனமொப்பிய ராஜி என்று எப்படி ஏற்பது? ராஜி மனுவை ஏற்குமுன் நீதித்துறை நடுவர் அவரைத் தனியே அழைத்து, மிரட்டல் இருந்ததா, சொன்ன இழப்பீடு கைக்கு வந்ததா என்று நேரில் கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.