முதல் வருஷம் யார் கணக்கில்?

மைசூரில் பி.காம் முடித்து, டாலி கற்று, கணக்கு வேலை தேடி அலையும் நாங்கள் இன்று ஓர் அமைப்பாகச் சேர்கிறோம். பெயரை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்; கொள்கையை முதலில் எழுதி வைக்கிறோம். கணக்கு வேலையில் முதல் வருஷம் என்பது கற்றுக்கொள்ளும் காலம். அந்த வருஷத்துச் செலவைத் தொழில்தான் ஏற்க வேண்டும். இன்றைக்கு அதை எங்கள் அப்பா அம்மா ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

விளம்பரங்களைப் பாருங்கள். 'ஃப்ரெஷர் தேவை. டாலி, ஜிஎஸ்டி, டிடிஎஸ் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வருட அனுபவம். சொந்த டூவீலர் அவசியம். சம்பளம் நேரில்.' இரண்டு வருஷம் வேலை பார்த்தவர் எப்படி ஃப்ரெஷர் ஆவார் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர், உருது பேசுகிறவர் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "எக்ஸ்பீரியன்ஸ் இதெயா?" பெண்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: "செப்டம்பரில் ஆடிட் நேரம், ராத்திரி பத்து மணி ஆகும், இருப்பீர்களா?"

வேலை ஏன் சுருங்கியது என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு முந்தைய தலைமுறையில் பி.காம் படித்தவர்கள் கனவு கண்டது ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூரை. 1913-ல் தொடங்கிய அந்த வங்கி 2017 ஏப்ரல் 1 அன்று எஸ்பிஐ-யோடு சேர்ந்துவிட்டது. அதே வருஷம் ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. ரிட்டர்ன் குவிந்தது, கொஞ்ச காலம் ஆள் தேவைப்பட்டது. பிறகு 2020 ஆகஸ்டிலிருந்து, சப்ளையர்கள் ஏற்றிய பில்களைத் தொகுத்துக் காட்டும் 2பி அறிக்கை தானாகவே வரத் தொடங்கியது. 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் இருந்த இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறங்கியது. ரொக்கப் பரிமாற்றம் 5 சதவீதத்தைத் தாண்டாத வியாபாரத்துக்கு, வருமான வரித் தணிக்கை 10 கோடிக்கு மேல்தான் என்றானது. பில் என்ட்ரிதான் புதியவருக்கு முதலில் கொடுக்கும் வேலை; அதுதான் முதலில் போனது. கம்ப்யூட்டர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. ஏணியின் கீழ்ப்படியை உருவிவிட்டு, மேலே ஏறி வா என்கிறவர்களிடம்தான் வழக்கு.

மேலே இருக்கும் வேலை என்னவென்று சொல்கிறோம். மாதம் 14-ந் தேதி 2பி வரும். கடையின் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை அதோடு பொருத்த வேண்டும். சப்ளையர் பில்லில் 'எம்ஒய்எஸ்/0117' என்று அச்சடித்திருப்பார், ரிட்டர்னில் வெறும் 117 என்று ஏற்றியிருப்பார். எக்செல் இரண்டையும் வேறு வேறு பில் என்று காட்டும். இன்னொருவர் பில்லையே ஏற்றியிருக்க மாட்டார். போன் போட்டால், "அடுத்த மாசம் போட்டுடறேன் சார்" என்பார். 20-ந் தேதி 3பி ரிட்டர்ன் போடுவதற்குள் எந்த வரி வரவை எடுப்பது, எதை நிறுத்தி வைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். இதை எந்த டாலி வகுப்பும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று மாதக் கணக்கை முடித்துக் காட்டினால் வந்துவிடும். அந்த மூன்று மாதத்தைத்தான் கேட்கிறோம்.

ஊரில் தேவையே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை, யுபிஐ-யில் வந்த பணத்தை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். ஹாவேரியில் ஒரு காய்கறிக்காரருக்கு 29 லட்சம் ரூபாய் கேட்டு வந்தது. பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது! பேக்கரிக்காரர்களும் டீக்கடைக்காரர்களும் க்யூஆர் அட்டையைக் கழற்றி உள்ளே வைத்தார்கள். விலக்குள்ள சரக்கு இவ்வளவு, வரியுள்ளது இவ்வளவு என்று பிரித்து எழுதிய ஒரு தாள் கையில் இருந்தால் அந்தப் பயத்தில் பாதி குறைந்திருக்கும். அதை எழுதத் தெரிந்தவர்கள் அப்போது சரஸ்வதிபுரத்திலும் உதயகிரியிலும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

எனவே தேவராஜ மார்க்கெட், சந்தேபேட்டை வியாபாரிகளுக்கு எங்கள் முதல் அறிவிப்பு: நாலைந்து கடை சேர்ந்து எங்களில் ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையால் கொடுக்க முடியாத சம்பளத்தை ஐந்து கடை சேர்ந்தால் கொடுக்கலாம். பி.காம் பட்டதாரி ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு மத்திய அரசின் நாசின் பயிற்சி நிறுவனம் நடத்தும் தேர்வுக்கு நாங்கள் கூடிப் படிக்கப்போகிறோம்.

ஹெப்பாள், ஹூட்டகள்ளி, நஞ்சன்கூடு ஆலைகளுக்கு: 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும் என்கின்றன 2019-ன் அப்ரண்டிஸ் விதிகள். பட்டதாரிக்குக் குறைந்தது 9,000 ரூபாய் என்றும் அதே விதிகள் வைத்தன. ஐடிஐ படித்தவர்களை ஷாப் ஃப்ளோருக்கு எடுக்கிறீர்கள், நல்லது. அக்கவுண்ட்ஸ் பிரிவிலும் ஒரு நாற்காலி போடுங்கள்.

ஆடிட்டர் அலுவலகங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கசப்பானது. 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிவாகும் எடிட் லாக் கட்டாயம். எங்களில் ஒருவர் 'ட்ரெயினிங்' என்ற பெயரில் பல மாதம் உழைத்த இடத்தில், அவருடைய யூசர் ஐடி எடிட் லாக் முழுக்க இருக்கிறது. சம்பளப் பதிவேட்டில் பெயரே இல்லை. கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1961-ன் 6ஏ பிரிவு, சேர்ந்த 30 நாளுக்குள் நியமன ஆணையை எழுத்தில் தரச் சொல்கிறது. ஊரார் சட்டப்படி நடக்கிறார்களா என்று பார்ப்பதே தொழிலாக உள்ளவர்களுக்கு இதை நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. தெரிந்தவர் கடை லெட்டர்ஹெட்டில் போலி அனுபவச் சான்று வாங்க மாட்டோம். இது சிலருக்குக் கஷ்டம், தெரியும். ஆனால் பொய் வவுச்சர் போட்டு உள்ளே போகிறவர் நாளைக்கு முதலாளி சொன்னால் எதையும் போடுவார். ஒரிஜினல் மார்க்ஸ் கார்டை எவரிடமும் ஒப்படைக்க மாட்டோம். வேலை வாங்கித் தருகிறேன் என்பவருக்குப் பணம் தர மாட்டோம். யாருக்கு எங்கே என்ன சம்பளம் என்பதை எங்களுக்குள் ஒளிக்க மாட்டோம். வேலையில்லாப் பட்டதாரிகளுக்குக் கர்நாடக அரசு தரும் யுவநிதியின் மாதம் 3,000 ரூபாயைக் கேலி செய்யவும் மாட்டோம். பலருக்கு பஸ் காசும் விண்ணப்பச் செலவும் அதில்தான் நடந்தது. ஆனால் அது அதிகபட்சம் இரண்டு வருஷம்தான். 'அதுதான் வருதே' என்று சம்பளத்தில் கழிக்கப் பார்க்கிறவர்களிடம் வேலைக்குப் போக மாட்டோம்.

இந்த ஊரின் பழைய கணக்கு ஒன்றையும் நினைவூட்டுகிறோம். மைசூரின் பெரிய மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டவுன் ஹாலுக்கு ரங்காசார்லுவின் பெயர். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து 1868-ல் மைசூர் அரண்மனை விவகாரங்களைச் சீர்செய்ய வந்து, 1881-ல் திவானானவர். நாங்கள் யாரும் திவான் பதவிக்கு மனு போடவில்லை. கணக்கு தெரிந்தவருக்கு இந்த ஊர் ஒரு காலத்தில் என்ன மரியாதை கொடுத்தது என்பதற்காகச் சொன்னோம்.

வேலை கிடைத்தவர்களும் அமைப்பில் தொடர வேண்டும். அவர்களுக்குத்தான் பொறுப்பு அதிகம். தன் இடத்தில் அடுத்த ஆள் எடுக்கும்போது, அனுபவமில்லாத ஒருவரை உறுப்பினர் பரிந்துரைக்க வேண்டும். அவருடைய முதல் மூன்று 2பி-யையும் பக்கத்தில் உட்கார்ந்து பொருத்திக் கொடுக்க வேண்டும். சேரும்போது இதற்கும் சேர்த்தே கையெழுத்து வாங்குவோம்.